சட்டத்துக்குத் தெரியாத மூன்று மாதங்கள்: இடுப்பு அறுவை சிகிச்சையும் புணேயின் இருசக்கர வாழ்க்கையும்

புது தில்லி: இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளிகள் மருத்துவரிடம் கேட்கும் கேள்விகளில் தவறாமல் இடம்பெறுவது, "வண்டி எப்போது ஓட்டலாம்?" என்பது. எந்த நகரிலும் இது முக்கியமான கேள்விதான். மகாராஷ்டிரத்தின் புணே நகரிலோ இது பிழைப்பைப் பற்றிய கேள்வியாகி விடுகிறது. அங்கு பள்ளிக்கும் சந்தைக்கும், அலுவலகத்துக்கும் ஆலைக்கும், கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் மக்கள் செல்வது பெரும்பாலும் இருசக்கர வாகனத்தில்.

நிரந்தர மாற்றுத் திறனாளிகளுக்கு வாகனம், உரிமம், சலுகை ஆகியவை குறித்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியுள்ளது. உச்ச நீதிமன்றமும் தீர்ப்பு வழங்கியுள்ளது. ஆனால், ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை மட்டுமே நடமாட்டம் குன்றியிருக்கும் ஒருவருக்கு இந்த ஏற்பாடுகளில் இடம் இல்லை. நோயாளி என்ற கணக்கு மருத்துவமனையோடு முடிந்து விடுகிறது. மாற்றுத் திறனாளி என்ற கணக்கு தொடங்குவதே இல்லை. இடைப்பட்ட அந்த நாள்களை ஒவ்வொரு குடும்பமும் தன் சொந்தப் பொறுப்பில் கடக்க வேண்டியுள்ளது.

இரு சக்கரங்களின் நகரம்

ஒரு காலத்தில் சைக்கிள்களின் நகரம் என்று அழைக்கப்பட்டது புணே. பின்னர் சைக்கிள்களின் இடத்தை மொபெட்டுகளும் ஸ்கூட்டர்களும் பிடித்துக் கொண்டன. இதற்கு அந்நகரின் தொழில் வரலாறும் ஒரு காரணம். பஜாஜ் ஆட்டோ நிறுவனத்தின் ஆகுர்டி ஆலை, புணேயை ஒட்டிய பிம்ப்ரி-சிஞ்ச்வட் பகுதியில் உள்ளது. 1972-ல் அறிமுகமான "சேத்தக்" ஸ்கூட்டர் நாடு முழுவதும் நடுத்தரக் குடும்பங்களின் அடையாளமாக விளங்கியது. அதே 1972-ல் வந்த "லூனா" மொபெட்டும், 1984-ல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனக் கூட்டுறவுடன் உருவான "கைனெடிக் ஹோண்டா" ஸ்கூட்டரும் புணேயைச் சேர்ந்த ஃபிரோதியா குடும்பத்தின் தயாரிப்புகளே.

இவற்றுள் கைனெடிக் ஹோண்டா, இடுப்பில் காயம்பட்டவருக்கு ஒரு வகையில் பெரும் உதவி செய்த வாகனம். கியர் மாற்ற வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தினால் என்ஜின் உயிர் பெறும். காலால் உதைக்க வேண்டிய தேவை இல்லை. பின்னர் தமிழகத்தின் ஒசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். ஸ்கூட்டியும், 2001-ல் வந்த ஹோண்டா ஆக்டிவாவும் இதே வழியைப் பின்பற்றி, பெண்களையும் முதியவர்களையும் பெருமளவில் சாலைக்குக் கொண்டு வந்தன.

2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புணே மாநகராட்சிப் பகுதியின் மக்கள்தொகை 31 லட்சத்துக்கும் அதிகம். அதன் பின்னர் நகரின் எல்லைகள் மேலும் விரிந்துள்ளன. சதாசிவ பேட்டை, நாராயண பேட்டை, சனிவார் பேட்டை போன்ற பழைய பகுதிகளின் குறுகிய தெருக்களில் கார் நுழைவதே சிரமம். மறுபுறம் ஹிஞ்ஜவடி, சாகண், ஹடப்சர் என வேலைவாய்ப்புள்ள இடங்கள் நகரின் விளிம்பில் பரவிக் கிடக்கின்றன. வீட்டுக்கும் வேலைக்கும் இடையே உள்ள தொலைவை இணைப்பது ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும்தான். கட்கி, ராஸ்தா பேட்டை பகுதிகளில் தலைமுறைகளாக வசித்துவரும் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல.

மூட்டுக்குள் நடப்பது என்ன?

கிண்ணத்துக்குள் பந்து சுழல்வது போன்ற அமைப்பு கொண்டது இடுப்பு மூட்டு. தொடை எலும்பின் தலைப்பகுதி பந்தாகவும், இடுப்பு எலும்பிலுள்ள குழி கிண்ணமாகவும் அமைந்துள்ளன. முதுமையில் எலும்பு வலுவிழந்த நிலையில் கழிவறையில் வழுக்கி விழுந்தாலே தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துவிடும். மூட்டுத் தேய்மானம், முடக்குவாதம் ஆகியவையும் மூட்டைச் சிதைப்பவை. இளைஞர்களிடையே, எலும்புத் தலைக்கு ரத்த ஓட்டம் குன்றி அப்பகுதி மடிந்துபோகும் நோய் குறிப்பிடத்தக்க காரணமாக உள்ளது. ஸ்டீராய்டு மருந்துகளின் நீண்டகாலப் பயன்பாடும், மிகையான மதுப் பழக்கமும் இந்நோயுடன் தொடர்புள்ளவை. கொரோனா சிகிச்சைக்காக ஸ்டீராய்டு பெற்றவர்கள் சிலருக்கு இந்நோய் ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-ல் மருத்துவ இதழில் பதிவு செய்தனர்.

முறிந்த எலும்பைத் திருகாணி, தண்டு கொண்டு பொருத்துவது ஒரு வகை சிகிச்சை. பந்துப் பகுதியை மட்டும் மாற்றுவது மற்றொரு வகை. பந்து, கிண்ணம் இரண்டையும் மாற்றுவது முழு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. இதன் இன்றைய வடிவத்துக்கு அடித்தளமிட்டவர் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் சார்ன்லி. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1962 நவம்பரில் உலோகப் பந்தையும் உறுதியான பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் அவர் பொருத்தினார். இன்று பொருத்தப்படும் மூட்டுகளில் சுமார் 58 சதவீதம் 25 ஆண்டுகள் வரை உழைக்கக்கூடும் என 2019-ல் "லான்செட்" இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

எலும்பியல் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் பெயர் பெற்ற நகரம் புணே. முதல் உலகப் போரில் உறுப்பிழந்த வீரர்களுக்காக 1917-ல் தொடங்கப்பட்ட குயின் மேரி தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் கட்கியில் இயங்குகிறது. ராணுவத்தின் செயற்கை உறுப்பு மையம் 1944-ல் புணேயில் தொடங்கப்பட்டது. தண்டுவடம் பாதிக்கப்பட்ட வீரர்களுக்கான மறுவாழ்வு மையம் 1974 முதல் கட்கியில் உள்ளது. சிவாஜிநகரில் உள்ள சஞ்சேதி மருத்துவமனையின் நிறுவனரான டாக்டர் கே.எச். சஞ்சேதிக்கு 2012-ல் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. 1965 போரில் குண்டுக் காயங்களால் முடங்கி, 1972-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடைபெற்ற பாராலிம்பிக் நீச்சல் போட்டியில் தங்கம் வென்ற முரளிகாந்த் பேட்கர், புணேயிலுள்ள டெல்கோ நிறுவனத்தில் பணியாற்றியவர். அறுவை சிகிச்சை அரங்கிலும் மறுவாழ்வு மையத்திலும் நகரம் இவ்வளவு முன்னேறியிருந்தும், வீட்டு வாசலுக்கும் சாலைக்கும் இடையிலான சில அடிகள்தான் நோயாளிக்குச் சோதனையாக உள்ளன.

ஆறு வாரம் ஏன்?

இன்றைய மருத்துவ முறையில், அறுவை சிகிச்சை நடந்த மறுநாளே, சில இடங்களில் அதே நாளிலேயே, நோயாளியை வாக்கர் உதவியுடன் நடக்க வைக்கின்றனர். சில வாரங்களில் வாக்கரிலிருந்து ஊன்றுகோலுக்கு மாறுகின்றனர். சிகிச்சை பெற்ற காலுக்கு எதிர்ப்புறக் கையில் ஊன்றுகோலைப் பிடிக்க வேண்டும் என்பது பலர் அறியாத செய்தி.

நடப்பதற்கு அனுமதி கிடைத்துவிட்டதால் வண்டி ஓட்டவும் அனுமதி கிடைத்ததாகப் பலர் கருதுகின்றனர். இது தவறு. இடுப்பின் பின்புறமாகத் தசைகளைப் பிரித்து மூட்டைப் பொருத்தியிருந்தால், இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது. காலை உட்புறமாகத் திருப்பக் கூடாது என்ற கட்டுப்பாடுகள் பொதுவாக 6 முதல் 12 வாரம் வரை விதிக்கப்படுகின்றன. மீறினால் பந்து கிண்ணத்திலிருந்து நழுவிவிடும் அபாயம் உண்டு. தரையில் சம்மணமிட்டு அமர்வதும், குத்துக்காலிட்டு அமரும் கழிவறையைப் பயன்படுத்துவதும் இதனாலேயே தடை செய்யப்படுகின்றன.

வாகனம் ஓட்டுவதில் இன்னொரு சிக்கல் பிரேக். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் தூரத்தைக் கடக்கிறது. கால் அரை விநாடி தயங்கினால், வண்டி 7 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். குறுக்கே ஓடி வரும் ஒரு குழந்தைக்கு இந்த 7 மீட்டர் உயிர் தொடர்பானது. வலது இடுப்பில் சிகிச்சை பெற்றவர்களின் பிரேக் அழுத்தும் வேகம், சிகிச்சைக்கு முந்தைய நிலையை அடையப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பிரிட்டனில் நோயாளிகளுக்குப் பொதுவாகக் கூறப்படும் காலமும் 6 வாரம்தான். மயக்கம் தரும் வலி மருந்துகளை நிறுத்தியிருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. இறுதி முடிவு, சிகிச்சை அளித்த மருத்துவருடையதே.

எந்த வண்டி, எந்தப் பக்கம்?

சிகிச்சை இடப்பக்கமா, வலப்பக்கமா என்பதைப் பொறுத்து எந்த வண்டியை முதலில் தொடலாம் என்பது மாறுகிறது. மோட்டார் சைக்கிளில் பின் பிரேக் வலது காலிலும், கியர் இடது காலிலும் உள்ளன. எந்தப் பக்கம் சிகிச்சை நடந்திருந்தாலும் சிக்கல்தான். அதில் ஏறுவதற்கு ஒரு காலை இருக்கைக்கு மேலாக வீசித் தாண்ட வேண்டும். புதிய மூட்டுக்கு ஆகாத அசைவுகளில் இதுவும் ஒன்று.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரு பிரேக்குகளும் கையில் உள்ளன. முன்புறம் திறந்த தளம் என்பதால் காலை வீசாமல் ஏறலாம். ஆகவே இது எளிது என்று தோன்றும். ஆனால், சிக்னலில் நிற்கும்போது நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையைத் தாங்குவது காலே. சாலையில் மணல் சறுக்கினாலோ, பக்கத்து வண்டி உரசினாலோ சட்டென்று ஊன்ற வேண்டியது சிகிச்சை பெற்ற காலாகவும் இருக்கலாம். சென்டர் ஸ்டாண்டு போடுவதற்கு வேண்டிய உந்துதலும் இடுப்பிலிருந்தே வருகிறது. எனவே தொடக்க வாரங்களில் சைடு ஸ்டாண்டே ஏற்றது.

பின்னிருக்கையில் அமர்ந்து செல்வதும் பாதுகாப்பானதல்ல. புடவை அணிந்த பெண்கள் ஒருபக்கமாகத் திரும்பி அமரும்போது இடுப்பு முறுக்கப்படுகிறது. இருபுறமும் கால் போட்டு அமர்ந்தால் தொடைகள் அளவுக்கு மேல் விரிகின்றன. இரண்டும் முதல் சில வாரங்களுக்கு உகந்தவை அல்ல.

காரில் செல்வோருக்கு இருக்கையின் உயரம் முக்கியம். முழங்கால் இடுப்பைவிட மேலே நிற்கும்படி தாழ்ந்த இருக்கை கூடாது; தேவையானால் கெட்டியான தலையணை வைத்து உயர்த்தலாம். முன் இருக்கையை முழுவதுமாகப் பின்னுக்குத் தள்ளி, முதுகைச் சாய்த்து, முதலில் அமர்ந்துகொண்டு, பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துக் கொண்டால் உடல் எளிதில் திரும்பும். வண்டி புறப்படும் முன் அதை எடுத்துவிட வேண்டும்.

கார் ஓட்டுபவர்களில், இடது இடுப்பில் சிகிச்சை பெற்றவர்களுக்குக் கிளட்ச் இல்லாத வண்டி பெரும் உதவி. 2014 பிப்ரவரியில் தில்லி வாகனக் கண்காட்சியில் அறிமுகமான மாருதி செலேரியோ, தானே கியர் மாற்றும் வசதியைக் குறைந்த விலைக் கார்களுக்கும் கொண்டு வந்தது. இடது காலுக்கு வேலையே இல்லாததால், அவர்கள் மற்றவர்களைவிடச் சற்று முன்னதாகவே ஓட்ட அனுமதி பெறுவதுண்டு.

நின்றுபோன வண்டி

உடல் தேறினாலும் வண்டி தேறியிருக்க வேண்டுமே! இதைப் பெரும்பாலான குடும்பங்கள் மறந்து விடுகின்றன. இரண்டு மாதம் ஓடாமல் நிற்கும் ஸ்கூட்டரின் பேட்டரி இறங்கிவிடும். டயரில் காற்று குறையும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நீளும் மழைக்காலத்தில் பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகும். வேலைக்குத் திரும்பும் முதல் நாள் காலையில் பொத்தான் வேலை செய்யாமல் போக, அவசரத்தில் கிக்கரை ஓங்கி உதைக்க முற்படுவது இயல்பு. உதைக்கும் கால் புதிதாகச் சீரமைக்கப்பட்ட காலாகவோ, உடல் எடை முழுவதையும் தாங்கி நிற்கும் கால் அதுவாகவோ இருந்தால், இரண்டு மாத ஓய்வின் பலன் ஒரு நிமிடத்தில் வீணாகக் கூடும்.

இதைத் தவிர்ப்பது கடினமல்ல. அறுவை சிகிச்சை முன்கூட்டியே தேதி குறிக்கப்பட்டதாக இருந்தால், அதற்கு முன்பே வண்டியைப் பழுது பார்த்து வைக்கலாம். வீட்டிலுள்ள மற்றொருவர் வாரம் ஒருமுறை சிறிது தூரம் ஓட்டிவரலாம். அதற்கும் ஆள் இல்லையெனில், மெக்கானிக்கைக் கொண்டு பேட்டரி இணைப்பைக் கழற்றி வைக்கலாம். மீண்டும் ஓட்டும் முன்னர் பிரேக், டயர், விளக்கு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்ல வேண்டும். முதல் ஓட்டம் நெரிசல் இல்லாத நேரத்தில், வீட்டருகே, துணைக்கு ஒருவருடன் அமைவது நல்லது.

ஆட்டோ, பேருந்து, மெட்ரோ

சொந்த வண்டி ஓட்ட இயலாத வாரங்களில் மிஞ்சுவது ஆட்டோ. நினைத்த இடத்தில் கிடைக்கும் என்பது அதன் நன்மை. குனிந்து, உடலை மடக்கி ஏற வேண்டும் என்பதும், குழிகளிலும் வேகத் தடைகளிலும் தூக்கிப் போடும் என்பதும் அதன் குறைகள். வேகத் தடை 10 செ.மீ. உயரத்துக்கு, 3.7 மீட்டர் அகலத்தில் சரிவாக அமைய வேண்டும் என்பது இந்திய சாலை காங்கிரஸ் வகுத்துள்ள அளவு. குறுகலாகவும் செங்குத்தாகவும் போடப்பட்ட தடைகளில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சியைத் தாங்குவது நோயாளியின் இடுப்பு. 108 ஆம்புலன்ஸ் சேவை அவசரச் சிகிச்சைக்கானது. வாரம் இருமுறை பிசியோதெரபிக்குச் செல்வதற்கு அதை அழைக்க முடியாது.

புணே மாநகரப் போக்குவரத்து நிறுவனமும் பிம்ப்ரி-சிஞ்ச்வட் போக்குவரத்து நிறுவனமும் 2007-ல் இணைக்கப்பட்டன. நாட்டில் பேருந்துகளுக்குத் தனிப் பாதை அமைக்கும் முயற்சியைத் தொடங்கி வைத்த நகரமும் புணேதான். காத்ரஜ் - ஸ்வார்கேட் - ஹடப்சர் தடத்தில் 2006 டிசம்பரில் அது தொடங்கப்பட்டது. 2019-ல் மின்சாரப் பேருந்துகள் வந்தன. ஆயினும், நெரிசலான பேருந்தில் ஊன்றுகோலுடன் படியேறுவது ஆபத்தான செயல்.

ஓரளவு நம்பிக்கை அளிப்பது மெட்ரோ ரயில். 2022 மார்ச் 6-ம் தேதி பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்த இச்சேவை, 2024-ல் ஒருபுறம் ராம்வாடி வரையிலும், மறுபுறம் ஸ்வார்கேட் வரையிலும் நீட்டிக்கப்பட்டது. இரு தடங்களும் நகரின் நீதிமன்ற வளாகத்தருகே சந்திக்கின்றன. அங்குள்ள சுரங்க நிலையம் சுமார் 33 மீட்டர் ஆழத்தில் உள்ளது. மின்தூக்கி இருப்பதால் நோயாளி சிரமமின்றி மேலே வரலாம். நிலையத்திலிருந்து வீடு வரையிலான கடைசி ஒரு கிலோமீட்டரில் நடைபாதை ஆக்கிரமிப்பு, உடைந்த கற்கள், நிறுத்தப்பட்ட வண்டிகள் ஆகியவற்றைக் கடக்க வேண்டியிருந்தால், மெட்ரோ தந்த வசதியின் பயன் பாதியாகி விடுகிறது.

சட்டம் சொல்வது என்ன?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 186-வது பிரிவு, தனது நோய் அல்லது உடற்குறையால் பொதுமக்களுக்கு ஆபத்து நேரிடும் என்று தெரிந்தே வாகனம் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. 2019 திருத்தத்தின்படி இதற்கான அபராதம் முதல் முறை ஆயிரம் ரூபாய் வரை. மீண்டும் செய்தால் 2 ஆயிரம் ரூபாய் வரை. அதாவது, ஓட்டக் கூடாது என்பதில் சட்டம் தெளிவாக உள்ளது. ஓட்டாமல் எப்படிச் செல்வது என்பதில்தான் அது மௌனம் சாதிக்கிறது.

அதே 2019 திருத்தம், மாற்றுத் திறனாளிகளின் வாகனத்துக்கு இருந்த "இயலாதோர் வண்டி" என்ற பொருள்படும் பழைய சொல்லை நீக்கி, "தகவமைக்கப்பட்ட வாகனம்" என்ற புதிய சொல்லைச் சேர்த்தது. வாகனத்தில் மாற்றம் செய்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலுடன் பதிவு செய்துகொள்ள இதில் வழி உள்ளது. பின்புறம் இரு துணைச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டர்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. நிரந்தரக் குறைபாடு உள்ளவருக்கு இது வரப்பிரசாதம். இரண்டு மாதத்துக்காக வண்டியை மாற்றி, பதிவு செய்து, மீண்டும் பழையபடி ஆக்குவது நடைமுறைக்கு ஒவ்வாதது.

2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சொந்த நடமாட்டத்துக்கான ஊக்கச் சலுகைகள், வாகனங்களை மாற்றியமைத்தல் ஆகியவற்றுக்குத் திட்டம் வகுக்க வேண்டும் என அதன் 41-வது பிரிவு கூறுகிறது. ஆனால், அந்தத் திட்டங்கள் மாற்றுத் திறனாளிகளுக்கானவை. "நீண்டகால" குறைபாடு உடையவரையே மாற்றுத் திறனாளி என்று சட்டம் வரையறுக்கிறது. பன்னிரண்டு வாரத்தில் எழுந்து நடந்துவிடும் நோயாளி இந்த வரையறைக்கு வெளியே நிற்கிறார்.

ரஜீவ் ரதூரி தொடர்ந்த வழக்கில், அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு 2024 நவம்பர் 8-ம் தேதி அளித்த தீர்ப்பு இவ்விஷயத்தில் முக்கியத்துவம் பெறுகிறது. அணுகல் வசதி தொடர்பான விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்த நீதிமன்றம், கட்டாயமான தர விதிகளை வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சாய்தளம், மின்தூக்கி, தாழ்தளப் பேருந்து, தடையற்ற நடைபாதை ஆகியவை கட்டாயமாகும்போது, சான்றிதழ் கேட்காமலே இடுப்பு நோயாளிக்கும் அவை பயன்படும் என்பது குறிப்பிடத்தக்கது.

சம்பளமும் சக்கரமும்

வாடகைக்கு ஆட்டோ பிடிக்க வசதி உள்ளவருக்கு இது சிரமமான காலம். வண்டியே தொழில் என்பவருக்கோ இது வருமானமற்ற காலம். கூரியர் தபால் கொண்டு செல்பவர், வீடு வீடாகச் சென்று குழாய் பழுது பார்ப்பவர், உணவுப் பொட்டலம் கொண்டு சேர்க்கும் இளைஞர் ஆகியோருக்கு ஆறு வாரம் வண்டி ஓட்டாதே என்பது ஆறு வாரம் சம்பாதிக்காதே என்பதற்குச் சமம்.

இந்த இடத்தில் ஒரே ஒரு திட்டம் பொருத்தமாக அமைகிறது. தொழிலாளர் ஈட்டுறுதியில் உள்ளவர்களுக்கு, நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை கிடைக்கும். 91 நாள் என்பது 13 வாரம். இடுப்பு சிகிச்சைக்குப் பிந்தைய ஓய்வுக் காலம் இதற்குள் அடங்கிவிடும். இதற்கான ஊதிய உச்சவரம்பு 2017 ஜனவரியில் மாதம் 21 ஆயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. முறைசார்ந்த ஆலைத் தொழிலாளி இதன் பயனைப் பெறலாம். சொந்தமாகத் தொழில் செய்பவருக்கும், ஒரு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி பெறுபவருக்கும் இந்தப் பாதுகாப்பு எட்டுவதில்லை. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சை இடம்பெற்றுள்ளது. 2024 அக்டோபர் முதல் 70 வயதைக் கடந்த அனைவருக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. சிகிச்சைச் செலவை ஏற்கும் அத்திட்டத்தில், வேலைக்குச் செல்ல இயலாத நாள்களின் வருமான இழப்பை ஈடு செய்ய இடமில்லை.

வரிச் சலுகையிலும் இதே நிலைதான் இருந்தது. 40 சதவீத எலும்பியல் குறைபாட்டுக்கான சான்று உள்ளவர்கள் வாங்கும் சிறிய கார்களுக்கு 18 சதவீத சரக்கு - சேவை வரி. மற்றவர்களுக்கு 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கும், 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கும் எல்லோருக்குமே 18 சதவீதம் என்றானது.

இருமுறை படுக்கை

ஒருமுறை தாண்டுவதே கடினமான இக்காலத்தை இரண்டாம் முறையும் கடக்க நேர்ந்தவர்களும் இந்நாட்டில் உண்டு. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டெப்யூ நிறுவனத்தின் "ஏ.எஸ்.ஆர்." இடுப்பு மூட்டுகள் 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. உலோகத்தோடு உலோகம் உராய்ந்து கோபால்ட், குரோமியம் துகள்கள் உடலில் கலந்ததே காரணம். இந்தியாவில் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகளில் இவை பொருத்தப்பட்டிருந்தன. பலருக்கு மூட்டை அகற்றி வேறு பொருத்த வேண்டியதாயிற்று.

மத்திய சுகாதார அமைச்சகம் 2017-ல் அமைத்த டாக்டர் அருண் குமார் அகர்வால் தலைமையிலான குழு இதை விசாரித்தது. 2018 நவம்பரில் 30 லட்சம் ரூபாய் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு வழங்கும் முறையை அரசு அறிவித்தது. தில்லி உயர் நீதிமன்றத்தில் நடைபெற்ற வழக்கில், 67 பேருக்குத் தலா 25 லட்சம் ரூபாய் வழங்க நிறுவனம் 2019 மே மாதம் முன்வந்தது. குறைபாட்டின் சதவீதம், வயது ஆகியவற்றைக் கொண்டு இழப்பீடு கணக்கிடப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களில் பலரை அடையாளம் காணவே இயலாமல் போனது, நோயாளிகளின் பதிவேடு எவ்வளவு அவசியம் என்பதை உணர்த்தியது. பொருத்தப்பட்ட மூட்டின் பெயர், வரிசை எண் ஆகியவை அடங்கிய அட்டையை மருத்துவமனையிலிருந்து கேட்டுப் பெற்றுப் பத்திரப்படுத்துவது ஒவ்வொரு நோயாளியின் கடமை.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் 1990-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின்படி, வழக்கமான பேருந்தில் ஏற இயலாதவர்களுக்கு நகரப் போக்குவரத்து அமைப்புகள் மாற்று வண்டி அனுப்ப வேண்டும். தற்காலிகக் குறைபாடு உள்ளவர்களும் அந்தக் காலம் வரையில் இதைக் கோரலாம். கலிஃபோர்னியா மாநிலத்தில் ஆறு மாதம் வரை செல்லுபடியாகும் தற்காலிக வாகன நிறுத்த அட்டை வழங்கப்படுகிறது. மருத்துவர் கையெழுத்திட்டால் போதும். மருத்துவமனை வாசலுக்கு அருகிலேயே வண்டியை நிறுத்தலாம். பிரிட்டனில், தானே பயணம் செய்ய இயலாத நோயாளிகளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லத் தேசிய சுகாதார சேவை தனி வாகன ஏற்பாட்டை வைத்துள்ளது.

இந்தியாவில் நாடு தழுவிய தற்காலிக அட்டை முறை இல்லை. அதை ஏற்படுத்தப் பெரும் நிதி தேவையில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் வழங்கப்படும் விடுவிப்புச் சான்றிலேயே "இத்தனை வாரம் வாகனம் ஓட்டக் கூடாது" என்று மருத்துவர் எழுதலாம். அதையே ஆதாரமாகக் கொண்டு மெட்ரோவிலும் பேருந்திலும் இருக்கையில் முன்னுரிமை, மருத்துவமனை வளாகத்தில் வண்டி நிறுத்த இடம், பணியிடத்தில் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி ஆகியவற்றை வழங்கலாம்.

அதுவரை, முழுப் பொறுப்பும் குடும்பத்தின் தலையில்தான். வண்டிச் சாவியை எடுத்து மறைத்து வைக்கும் மனைவியும், அலுவலகம் செல்லும் வழியில் தந்தையைப் பிசியோதெரபிக்கு இறக்கிவிடும் மகளும், தன் ஆட்டோவில் மெதுவாக அழைத்துச் செல்லும் அண்டை வீட்டுக்காரரும்தான் இன்று புணேயில் அந்த மூன்று மாதங்களைத் தாங்கி நிற்கின்றனர். அவசரப்பட்டு ஆறாம் வாரத்துக்கு முன் சாவியைத் திருப்புபவர் பணயம் வைப்பது தன் மூட்டை மட்டுமல்ல. எதிரே வருபவரின் உயிரையும்தான்.